நன்றி எழுதிய சுவர்

ஐஸில் கிடந்த இறாலை உரித்தால் விரல் மரத்துப்போகும். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துப் போட வேண்டும். கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். மனசுக்குத்தான் வேலை இருக்காது. அப்படி உட்காரும்போதெல்லாம் எனக்கு மடத்துச் சுவர் ஞாபகம்தான் வருகிறது. பிள்ளை தூளியில் தூங்குகிறான். அவன் எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊரில் ஆறு கடலில் சேருகிற வாயை முகம் என்போம். கோடையில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி அந்த முகத்தை அடைத்துவிடும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் ஊரில் தண்டோரா போடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டி ஆற்றுக்கு வழி விட வேண்டும். ஆம்பளை கடலுக்குப் போயிருந்தால் அந்த வீட்டுப் பொம்பளை போக வேண்டும். ஊர் உண்டான நாளிலிருந்து அப்படித்தான்.

தேசிங்கு பஞ்சாயத்துத் தலைவராக வந்தபிறகு அந்த மணல் மேலேயே ரோடு போட்டார். நல்ல ரோடு. அது இல்லாத காலத்தில் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைச் சுற்றி நடந்துதான் சந்தைக்குப் போகவேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி மீன் நாறிவிடும். ரோடு வந்தபிறகு வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ரோடு திறந்த அன்று பெண்கள் எல்லாம் அவருக்கு ஆரத்தி எடுத்தோம். அடியில் குழாய் பதித்திருக்கிறது, தண்ணீர் அதில் போய்விடும், இனிமேல் முகம் வெட்டத் தேவையில்லை என்று தலைவர் சொன்னார். அந்த வருஷம் தண்டோராவை நிறுத்தச் சொன்னார்.

மழை இறங்கியது. தண்டோரா இல்லாமலே சில ஆம்பளைகள் மண்வெட்டியோடு போனார்கள். தலைவர் ரோட்டு மேல் நின்றார். "ரோட்டுல கை வைக்காதீங்க. காலையில நான் பாத்துக்கறேன்" என்று திருப்பி அனுப்பினார். குழாயில் செடியும் குப்பையும் வந்து அடைத்துக்கொண்டது. விடிவதற்குள் ஆறு கீழத்தெருவுக்குள் வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒரு ஆள் வெட்ட வேண்டிய முகத்தை யாரும் வெட்டவில்லை. கீழத்தெருவில் வீட்டுக்கு ஒரு ஆளைத் தண்ணீர் கொண்டுபோனது. சில வீட்டில் ஒன்றுக்கு மேலேயும்.

ரோட்டை உடைத்துக்கொண்டுதான் ஆறு கடலுக்குப் போனது. தண்ணீர் வடிந்தபிறகு தலைவர் அதே இடத்தில் ரோட்டை மறுபடி போட்டார். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய குழாய். அப்புறம் தேர்தல் வந்தது. தேசிங்கு மறுபடியும் ஜெயித்தார்.

முகத்துக்குப் பக்கத்தில் ஒரு மடம் இருக்கிறது. அங்கே இருப்பவரை மடத்தம்மா என்போம். அம்மா என்பதால் வயசானவர் என்று நினைக்க வேண்டாம். தேசிங்குக்கு மகள் வயசுதான். படகுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார். பேச்சு குறைச்சல். தேசிங்கு அவரிடம் உபதேசம் வாங்கியவர். பொண்டாட்டி செத்தபிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து மடத்து வாசலைக் கூட்டுவார். தலைவர் ஆனபிறகும் துடைப்பத்தை விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெயித்தபிறகு வந்த வெள்ளிக்கிழமை, கழுத்தில் மாலையோடு வந்தார். கூடவே அவருக்குக் கொடி கட்டுகிற குணசேகரன் சுண்ணாம்புச் சட்டியும் காவி டப்பாவும் தூக்கிக்கொண்டு வந்தான். மடத்து அடிபம்பில் நல்ல தண்ணீர் வரும். நாங்கள் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தோம்.

"அம்மா, மடத்துச் சுவரு வேணும்" என்றார் தேசிங்கு.

"எதுக்கு?"

"ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றி எழுதணும். பஸ்ஸு நிக்கற இடத்துக்கு நேரா இந்தச் சுவருதான் இருக்கு."

அந்தச் சுவரில் ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். அந்த மழையில் தண்ணீர் நின்ற அடையாளம்.

"எழுதுங்க" என்றார் அம்மா. "வெள்ளையும் நீங்களே அடிக்கணும். எழுத்தும் நீங்களே எழுதணும்."

குணசேகரன் சிரித்துவிட்டான். "தலைவருக்குக் கையெழுத்துதாம்மா வரும். சுவத்துல எழுதச் சொன்னா கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"கிளறட்டும்."

தேசிங்கு மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அடிபம்பின் கைப்பிடியில் மாட்டினார். தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண், "தலைவரே, இப்ப பம்புதான் ஜெயிச்ச மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்தார். கொஞ்சம் நீலம் கலந்தார். மட்டையால் மேலிருந்து கீழாக இழுத்து இழுத்து அடித்தார். கோடு மறைந்தது. சட்டை, தலை, மீசை எல்லாம் வெள்ளைப் பொட்டு.

அடித்து முடித்து நிழலில் வந்து உட்கார்ந்தார். அம்மா கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கீழத்தெருவுல நடந்தது என் தப்புதான். நான் இல்லேன்னு சொன்னதில்ல."

"தப்புன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

"என்னாது?"

"யாருகிட்ட சொன்னீங்கன்னு கேட்டேன்."

தலைவர் கையிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினார். "மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். இப்ப உங்ககிட்ட சொல்றேன்."

அம்மா களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

"படுத்தா தண்டோரா சத்தம் கேக்குதும்மா. போடாத தண்டோரா. எழுந்து வாசல்ல வந்து பாத்தா ஒருத்தரும் இருக்கறதில்ல." அவர் குரல் தாழ்ந்தது. "அதான் நினைச்சேன். தேர்தல் வருதே, ஊரு முன்னால போயி நிப்போம். வேணாம்னா தோக்கடிக்கட்டும். அதான் தண்டனைன்னு வாங்கிக்குவோம். தோக்கடிக்கல. கீழத்தெருவுலயே எனக்குத்தான் கூட விழுந்திருக்கு. தோத்தா அது தண்டனைன்னா, ஜெயிச்சா அது மன்னிப்புதானே? முடிஞ்சுதா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"சுவரு காஞ்சுதான்னு பாருங்க."

தேசிங்கு எழுந்து போனார். வெயிலில் வெள்ளை காய்ந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் பழுப்புக் கோடு மறுபடி தெரிந்தது.

"உப்புத்தண்ணி ஏறின சுவரு" என்றாள் பம்படியில் ஒருத்தி.

"எனக்கென்னமோ எதிர்க்கட்சிச் சுவரு போலத்தான் தெரியுது தலைவரே" என்றான் குணசேகரன். "எவ்வளவு அடிச்சாலும் நம்ம பக்கம் வர மாட்டேங்குது."

மறுபடி சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு பூச்சு அடிங்க" என்றார்.

தேசிங்கு மறுபடி மட்டையை எடுத்தார். அம்மா உலையை ஏற்றிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு எதிரா நின்னது யாரு?"

"பரமகுரு. உங்களுக்குத் தெரியாதா? சாராய வழக்குல உள்ள போயிட்டு வந்தவன். எடுத்ததுக்கெல்லாம் கத்தியத் தூக்குவான்."

"ஓட்டுச்சீட்டுல என்னா இருந்துது?"

"எங்க ரெண்டு பேரு பேரும், சின்னமும்."

"முகத்தை வெட்டாதது சரியா தப்பான்னு எங்கயாவது கேட்டிருந்துதா?"

மட்டை சுவரிலேயே நின்றது. "அப்படியெல்லாம் சீட்டுல கேக்க மாட்டாங்கம்மா."

"ரோட்டைப் பத்தி?"

"அதுவும் இல்ல."

"சரி. அந்த ஓரத்துல விட்டுப்போச்சு பாருங்க."

அவர் அந்த ஓரத்தையும் அடித்தார்.

வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. காற்று நின்றுபோய், மடத்து வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. குணசேகரன் வானத்தைப் பார்த்தான். "இதைப் பாத்துட்டுத்தான் காலையிலேயே ஊர்ப் பெரியவங்க வந்துட்டாங்கம்மா. முகத்தை வெட்டணும், ரோட்டை அறுத்து வுடணும்னு ஒரே பிடிவாதம்."

"நீங்க என்னா சொன்னீங்க?" என்று அம்மா தேசிங்கைக் கேட்டார்.

"ஊரே ரோட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கு. ஜெயிச்ச கையோட அதை நானே வெட்டுனா சிரிக்க மாட்டாங்களா? குழாயும் இப்ப பெருசா போட்டிருக்கு. மழை எப்படி வருதுன்னு பாப்போம், நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பினேன்."

அடிபம்புச் சத்தம் நின்றது. குடம் நிறைந்திருந்தும் அந்தப் பெண் அதை எடுக்கவில்லை. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கும் இதையேதானே சொன்னீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் பிள்ளை இருந்தான்.

"எழுதுங்க" என்றார் அம்மா.

தேசிங்கு காவியில் பிரஷ்ஷை முக்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'வாக்களித்த' என்பதற்கு ரொம்ப நேரம் ஆனது. 'மக்களுக்கு' என்று எழுதும்போதே எழுத்து கீழ்நோக்கி இறங்கியது. எழுத எழுதச் சுவர் காய்ந்துகொண்டே வந்தது. காயக் காய, எழுத்துக்கு நடுவில் அந்தக் கோடு வந்துகொண்டே இருந்தது.

அப்போது அஞ்சலாட்சி வந்தாள். சந்தைக்குப் போய் அந்த ரோட்டு வழியாகத்தான் திரும்பினாள். தலையில் வெறுங்கூடை. அவளும் கீழத்தெருதான். புருஷன் கலியன், மகள் பவுனு, ரெண்டு பேரும் அந்த மழையில் போனார்கள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஒப்பாரி வைத்ததும் இல்லை. மீன் விற்றாள், வந்தாள், போனாள்.

அவளைக் கண்டதும் தேசிங்குக்குப் பிரஷ் கையில் அப்படியே நின்றது. காவி முழங்கையில் வழிந்தது.

"என்னா எழுதுறீங்க?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஓட்டுப் போட்டவங்களுக்கு நன்றின்னு எழுதறேன் அஞ்சலாட்சி."

"நானும் போட்டேன். உங்க சின்னத்துலதான் குத்தினேன்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மடத்தம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டீர்களா என்கிற பார்வை.

"உனக்குப் பெரிய மனசும்மா" என்றார். "நீ எனக்குப் போடுவேன்னு நான் நினைக்கவே இல்ல."

"மனசெல்லாம் ஒண்ணும் பெருசு இல்ல." அவள் கூடையை இறக்கவில்லை. "நீங்க தோத்துட்டா ஊட்டுல போயி படுத்துக்குவீங்க. நான் வந்து கேட்டா, நான் இப்ப தலைவரு இல்லியேம்மா, இருக்கறவனைப் போயி கேளும்பீங்க. அவன்கிட்ட போனா, அது அவரு காலத்துல நடந்துது, எனக்கு என்னா தெரியும்பான். நான் எங்க போயி நிக்கறது? அதான் உங்களையே இருக்க வச்சேன்."

குணசேகரன் முன்னால் வந்தான். "அக்கா, நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு? அப்பறமா ஊட்டுல வந்து..."

"நீ சும்மா இருடா. உனக்கா நான் ஓட்டுப் போட்டேன்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சி தலைவரைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற குரல்தான்.

"எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கு மம்பட்டியோட முகத்துக்கு வந்தாரு. ரோட்டு மேல நீங்க நின்னீங்க. திருப்பி அனுப்பினீங்க. வந்து மம்பட்டியைக் கதவோரம் சாத்தினாரு. என்னாங்க வந்துட்டீங்கன்னேன். தலைவரு பாத்துக்கறேன்னுட்டாருன்னாரு. சொல்லிட்டு, பவுனைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுத்தாரு. தண்ணி வந்தப்ப நான் பூவரச மரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவங்க படுத்தவங்க படுத்தவங்கதான். சேத்தை வாரும்போது அந்த மம்பட்டி மட்டும் கிடைச்சுது."

பம்புக் கைப்பிடியில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஈ மொய்த்தது.

"வெட்ட வந்த மனுசனை ஏன் திருப்பி அனுப்பினீங்க? இதான் கேக்கணும். தேர்தல் முடியட்டும்னு இருந்தேன். இப்ப நீங்க தலைவரு. மேகமும் அதே பக்கத்துலதான் கட்டியிருக்கு. சொல்லுங்க."

தேசிங்கு தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கோடு அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் நடுவில் அறுத்துக்கொண்டு போனது. 'நன்றி' இன்னும் எழுதவில்லை. அதற்கென்று விட்ட இடத்தில் கோடு மட்டும் இருந்தது.

அவர் மடத்தம்மாவிடம் திரும்பினார். வயசான மனிதர், மீசையில் சுண்ணாம்போடு, அழுகிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"அம்மா, நான் ஜெயிச்சேனா, இல்லையா?"

அம்மா பம்படிக்குப் போனார். கைப்பிடியிலிருந்து மாலையை எடுத்து ஈயை உதறினார். வந்து அவர் கழுத்தில் போட்டார். சுருக்கு விழாமல் ரெண்டு பக்கமும் சமமாக இழுத்து விட்டார்.

"ஜெயிச்சீங்க தலைவரே. அதனாலதான் கேக்கறா."

தேசிங்கு மாலையைக் கழற்றவும் இல்லை, தொடவும் இல்லை. அஞ்சலாட்சி கூடையோடு அப்படியே நின்றாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அம்மா அதைப் பார்க்கப் போகவில்லை. முதல் தூறல் விழுந்து எழுத்தில் இருந்த காவி லேசாகக் கரைந்தது. அப்புறம்தான் தலைவர் வாயைத் திறந்தார். "அன்னிக்கு நான்" என்று தொடங்கி

இதோ வர்றேன் அத்தே. வாசலில் நின்று கத்துகிறார்கள், நின்றுபோன தண்டோராவை மறுபடி போடுகிறார்களாம், முகத்தில் ரோட்டை அறுக்கிறார்களாம், வீட்டுக்கு ஒரு ஆள், இவர் கடலில் இருப்பதால் நான்தான், பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, மண்வெட்டி எங்கே வைத்தேன், கதவோரம்தான்